ஈரோட்டிலிருந்து தூண்டிலோடு கிளம்பினால் எங்கே போகலாம்?

வேலை மாற்றலாகி ஈரோட்டுக்கு வந்திருப்பதாகவும், சென்னையில் இருந்தவரை கடலோரத்தில் மட்டுமே தூண்டில் போட்டுப் பழகியிருப்பதாகவும் எழுதி, இந்தப் பக்கத்து ஆறு ஏரிகளில் எந்த இடம் நல்லது, எந்த மாதம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். பவானியில் பிறந்து, பள்ளிக்கூட நாள் முதல் காவிரிக் கரையில் உட்கார்ந்து பழகியவன் என்ற முறையில், எனக்குப் பிடித்த இடங்களை அவற்றின் குறைகளோடு சேர்த்தே சொல்கிறேன். ஒரே ஓர் இடம் போதும் என்றால், காவிரியில் ஷட்டர் வைத்துக் கட்டிய உயரம் குறைந்த அணையான நெரிஞ்சிப்பேட்டைக் கதவணையின் தேக்கத்தைச் சொல்வேன். இரண்டாவது, ஆடி ஆவணியில் தண்ணீர் ஏறும் நாட்களில் மேட்டூர் அணையின் பண்ணவாடிப் பக்கம். மூன்றாவது, பவானி கூடுதுறைக்குக் கீழே காவிரி. விரால்தான் வேண்டும் என்றால் இந்த மூன்றையும் மறந்துவிட்டு ஊர் ஏரிகளுக்குப் போக வேண்டும்.

கடலில் தூண்டில் போட்டவருக்கு ஓதம் தெரியும். ஏற்றமும் வற்றமும் பார்த்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பீர்கள். ஆற்றில் ஓதம் கிடையாது என்றாலும், மேட்டூருக்குக் கீழே ஓடும் காவிரியில் அந்த வேலையை அணையின் மதகுகள் செய்கின்றன. டெல்டா பாசனத்துக்காக வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும் தண்ணீரை ஜனவரி 28இல் நிறுத்துவார்கள். அணையில் இருப்பு இல்லாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போவதும் உண்டு. திறந்திருக்கும் மாதங்களில் இருகரை தொட்டு ஓடும் ஆறு, மற்ற நாட்களில் குடிநீருக்கு விடும் சிறு ஓட்டத்தோடு பாறைக்கும் மணல் திட்டுக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கும். ஆகவே எங்கே போகலாம் என்று முடிவு செய்யும் முன், எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள் என்பதை அன்றைய நாளிதழில் பார்த்துவிடுங்கள். நேற்றைய அளவும் இன்றைய அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கிளம்பலாம். ஒரே நாளில் பெரிதாக ஏறியிருந்தாலோ இறங்கியிருந்தாலோ மீன் இடம் மாறிக்கொண்டிருக்கும்; இரை தேடாது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நான் சொல்லப்போகும் எல்லா இடங்களுக்கும் அது பொது. ஓட்டமும் தேக்கமும் சந்திக்கும் வரி, ஆழமும் மேடும் சந்திக்கும் வரி, கலங்கலும் தெளிவும் சந்திக்கும் வரி என இரண்டு விதமான தண்ணீர் சந்திக்கும் இடத்தைத்தான் தூண்டில்காரர் தேட வேண்டும். ஓட்டம் புழுவையும் பாசியையும் தானியத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது. அதற்குப் பக்கத்தில் தேக்கத்தில் நின்றுகொண்டால், மீன் நீரை எதிர்த்து உழைக்காமலேயே இரை எடுக்க முடிகிறது. அந்த வரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரியாதவர், ஊர் பேர் பெற்ற துறையில் உட்கார்ந்தாலும் வெறுங்கூடையோடுதான் திரும்புவார்.

மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாக நான்கு கதவணைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 30 மெகாவாட் மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டியது. உயரம் குறைந்த அணைகள் என்றாலும், ஷட்டர்களை இறக்கிவைத்தால் ஆறு பின்னோக்கிப் பல கிலோமீட்டர் தூரத்துக்கு ஏரி மாதிரி நிரம்பி நிற்கும். பவானியிலிருந்து மேட்டூர் சாலையில் அம்மாபேட்டையைத் தாண்டினால் நெரிஞ்சிப்பேட்டை வந்துவிடும். எதிர்க்கரையில் இருப்பது சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டி. இரண்டு ஊருக்கும் நடுவே விசைப்படகு ஓடுகிறது. அந்தப் பக்கத்துப் பச்சையைப் பார்த்துக் குட்டிக் கேரளா என்று பெயர் வைத்து, ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தூண்டில் போடப் போகிறவர் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்கலாம். முடியாது என்றால், முதல் படகு கிளம்பும் முன் கடையைக் கட்டிவிடும்படி விடியற்காலையிலேயே போய்விட வேண்டும்.

இந்தத் தேக்கம் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம், ஆற்று மீனும் ஏரி மீனும் ஒரே இடத்தில் கிடைப்பதுதான். நடு ஆற்றில் மெல்லிய ஓட்டம் இருந்துகொண்டே இருக்கும்; கரையோரத்தில் ஆகாயத்தாமரைப் படுகையை ஒட்டித் தண்ணீர் அசையாமல் நிற்கும். படுகையின் ஓரத்திலிருந்து ஓரிரண்டு பாகம் (இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்) தள்ளி, ஓட்டம் தொடங்கும் இடத்தில் தக்கை, அதாவது மீன் கடிப்பதைக் காட்டும் மிதவை, நிற்கும்படி போட வேண்டும். இருள் பிரியும் நேரத்தில் அந்த வரியைத் தனியாகத் தேடவே வேண்டியதில்லை. தேக்கத்தின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய பாசிப் படலம் ஓரிடத்தில் கத்தரித்தது போல முடிந்து, அதற்கு அப்பால் தண்ணீர் கருப்பாக, சுருக்கம் விழுந்து ஓடிக்கொண்டிருக்கும். நான் இன்றைக்கும் மயிலிறகுத் தண்டில்தான் தக்கை கட்டுகிறேன். கடையில் விற்கும் பிளாஸ்டிக் தக்கை பெரிய மீனுக்கு அசையும். மயில் தண்டோ சிறு கெண்டை வந்து புழுவை மோந்து பார்த்தால்கூடச் சொல்லிவிடும். ஜிலேபி மீன் என்றால் தக்கை இரண்டு முறை துடித்துவிட்டுச் சரேலென்று பக்கவாட்டில் அமுங்கும். கெளுத்தி என்றால் தயக்கமே இல்லாமல் நேராக உள்ளே போகும். கட்லா வந்தால் தக்கை முதலில் நடுங்கும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். நீங்கள் அலுத்துப்போய்ப் பீடி பற்றவைக்கவோ டீயை ஊற்றவோ தலையைத் திருப்பும் நேரத்தில், மெதுவாகச் சாய்ந்து நகரத் தொடங்கும். அப்போது சுண்டி இழுக்கக் கூடாது; கழியை நிமிர்த்தினாலே போதும். கட்லாவின் வாய் மிருதுவானது, பலமாக இழுத்தால் தூண்டில் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்றும் காவிரியின் பிறவி மீன்கள் அல்ல. வடக்கத்தி ஆறுகளிலிருந்து கொண்டுவந்து இங்கே விட்டவை. மூன்றும் ஒரே தண்ணீரில் வாழ்ந்தாலும் மேயும் மட்டம் வேறு. கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறப்பதால் அது மேல்மட்டத்தில் மேய்கிறது, ரோகு நடுமட்டம், மிருகால் அடிமண்ணைக் கிளறித் தின்பது. தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே எவ்வளவு தூண்டில் நரம்பு விடுவது என்பதற்கு இதுதான் கணக்கு. அடியில் போட்டுவிட்டுக் கட்லா வரவில்லை என்று ஆற்றைக் குறை சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரைக்கு நான் பயன்படுத்துவது கடலைப் புண்ணாக்கு, அரிசித் தவிடு, கொஞ்சம் மைதா. புண்ணாக்கை முதல்நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் தவிட்டோடு சேர்த்துப் பிசைந்து, உருட்டினால் உடையாமலும் தண்ணீரில் பத்து நிமிடத்தில் கரையத் தொடங்கும்படியும் பதம் பார்க்க வேண்டும். வெனிலா, ஏலக்காய், தேன் என்று ஒவ்வொருவரும் ஒரு ரகசியம் சேர்ப்பார்கள். அதில் மீனுக்கு எவ்வளவு பங்கு, மனத்திருப்திக்கு எவ்வளவு பங்கு என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. தூண்டில் போடும் முன் நான்கைந்து உருண்டைகளை அதே இடத்தில் எறிந்துவிட்டு அரைமணி நேரம் சும்மா இருப்பதுதான் உண்மையில் பலன் தருவது.

கதவணைத் தேக்கத்துக்கு ஒரு குறை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை பராமரிப்பு வேலைக்காக ஷட்டர்களைத் தூக்கித் தேக்கத்தை வடித்துவிடுவார்கள். அந்த நாட்களில் பாறை இடுக்குக் குட்டைகளில் மாட்டிக்கொண்ட மீனைப் பிடிக்க ஊரே கூடையோடு இறங்கிவிடும். அதற்குப் பிறகு தேக்கம் நிரம்பினாலும் மீன் பழைய புழக்கத்துக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அப்போது கோனேரிப்பட்டிக்கோ ஊராட்சிக்கோட்டைக்கோ போய்க்கொள்ளலாம். எந்தக் கதவணையானாலும் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் எல்லைக்குள் போகாதீர்கள். ஷட்டருக்குக் கீழே மீன் கூட்டம் கூட்டமாக நிற்பது கண்ணுக்குத் தெரியும். அந்த ஆசையில் பாறைக்குப் பாறை தாவிப் போய், தண்ணீர் திறந்துவிட்ட பின் திரும்பி வர வழியில்லாமல் நின்றவர்கள் உண்டு. எனக்கே ஒருமுறை அப்படி நேர்ந்தது. காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததால், தண்ணீர் திறக்கும் முன் எச்சரிக்கைக்கு ஊதும் சங்கொலி என் செவியில் விழவில்லை. கால் கட்டைவிரலில் தண்ணீர் பட்ட பிறகுதான் எழுந்தேன். கழியும் பையும் போயின; முழங்கால் அளவுத் தண்ணீரில் நான் கரையேறினேன். அன்றிலிருந்து ஆற்றங்கரையில் காதில் எதையும் மாட்டிக்கொள்வதில்லை.

மேட்டூர் அணையைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் பூங்காவுக்குப் பக்கத்தில் பொரித்த மீன் தின்றதைச் சொல்வார்கள். தூண்டிலுக்கு அந்தப் பக்கம் வேலையில்லை. கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிப் பரிசல் துறைக்கோ கோட்டையூருக்கோ போனால்தான் நீர்த்தேக்கத்தின் கரையைப் பார்க்க முடியும். 1934இல் கட்டி முடித்த அணை, 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் பிடிக்கும், கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இவ்வளவு பெரிய தண்ணீரில் மீன் எங்கே இருக்கும் என்று மலைக்க வேண்டாம், ஏனென்றால் தேக்கத்தின் நடுப்பகுதி வலைக்காரர்களுக்கு உரியது. நமக்கு வேண்டியது ஓரம் மட்டும். கோடையில் நீர்மட்டம் வெகுவாக இறங்கும்போது, மூழ்கிப்போன பண்ணவாடியின் நந்தி சிலையும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரியும். அப்போது வெளிப்படும் வண்டல் நிலத்தில் கரையோர விவசாயிகள் கம்பும் எள்ளும் நிலக்கடலையும் விதைத்து அறுவடை செய்துவிடுகிறார்கள்.

தூண்டில்காரருக்கு நல்ல காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழையில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி, உபரிநீர் ஒகேனக்கல் வழியாக வந்து சேரும்போது, அறுத்துவிட்ட தாளும் புல்லும் நிறைந்த நிலத்தின் மேல் தண்ணீர் நாளுக்கு நாள் ஏறும். மண்ணுக்குள் இருந்த புழுவும் பூச்சியும் சிந்திய தானியமும் நனைந்து வெளிவர, அதைத் தின்ன மீன் இடுப்பளவு ஆழத்துக்குக்கூட வந்துவிடுகிறது. இந்த நேரத்தில் நீளமாக வீசுபவர் மீனுக்கு அப்பால் வீசுகிறார். நான் என் மச்சானை முதல் தடவை அங்கே அழைத்துப்போனபோது, புதிதாக வாங்கிய ரீலைக் காட்டுவதற்காக அவர் எட்டின மட்டும் வீசிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் குச்சியில் நரம்பைக் கட்டி, காலடியிலேயே போட்டு, ஜிலேபியும் சிறு ரோகுவுமாகக் கோத்து வைத்திருந்தான். தண்ணீர் ஏறுவது நின்று, மட்டம் ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் மீன் மறுபடி ஆழத்துக்குப் போய்விடும். இறங்கும் மாதங்களில், தை முதல் வைகாசி வரை, மேட்டூரில் கரைத்தூண்டிலுக்கு அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

அந்த நீர்த்தேக்கத்தில் மீன்வளத் துறையின் உரிமம் பெற்ற மீனவர்கள் பரிசலில் போய் வலை விரித்துத் தொழில் செய்கிறார்கள். மாலையில் விட்ட வலையை விடியலில் எடுப்பது அவர்கள் பிழைப்பு. மிதவைகளைப் பார்த்தால் அந்தப் பக்கம் தூண்டில் வீசாதீர்கள். நம் முள் மாட்டினால் வலை கிழியும். துறையில் இறங்கியதும் அங்கிருக்கும் பெரியவரிடம், “அண்ணா, இந்த ஓரமா உக்காந்து தூண்டி போட்டுக்கட்டுங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். மறுப்பவர்கள் குறைவு, பல நேரம் எந்த மேட்டில் நேற்று கெளுத்தி கடித்தது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். பாலாறு வந்து சேரும் மேல்முனைப் பக்கம் மட்டும் போக வேண்டாம்; அது மாநில எல்லையும் காடும் சேர்ந்த பகுதி.

கூடுதுறையை நான் மூன்றாவதாகச் சொன்னது சொந்த ஊர்ப் பாசத்தால் அல்ல. சங்கமேஸ்வரர் கோயில் படித்துறையில் யாரும் தூண்டில் போடுவதில்லை, போடவும் கூடாது. பொரியும் பிண்டமும் தின்று பழகிய மீன்கள் அங்கே காலடியிலேயே புரளும். அவற்றைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். பவானியும் காவிரியும் கலந்த பிறகு சற்றுத் தூரம் கீழே போனால், இரண்டு தண்ணீரும் உடனே ஒன்றாகிவிடாமல் பக்கம் பக்கமாக ஓடுவதைப் பார்க்கலாம். மேட்டூர்த் தண்ணீர் அணையில் தேங்கித் தெளிந்து பச்சையாக வரும். பவானிப் பக்கம் மழை பெய்திருந்தால் அந்த ஆறு செம்மண் நிறத்தில் வரும். அந்த நிறம் பிரியும் கோட்டில் மண்புழு போட்டால், மாலை மங்கும் நேரத்தில் கெளுத்தியும் சில நாள் வாளையும் கிடைக்கும். வாளை கொன்று தின்னும் மீன். அதற்கு மாவு இரை உதவாது. சிறு கெண்டையை முள்ளில் கோத்து, அடியில் படும்படி ஈயக் குண்டு கட்டிப் போட வேண்டும். பற்கள் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே ஒரு சாண் அளவுக்குக் கம்பி தேவை.

பவானி ஆற்றிலேயே மேலே போனால் கோபிக்குப் பக்கத்தில் கொடிவேரி இருக்கிறது. அணைக்கட்டில் குளிப்பவர்கள் கூட்டமும் மீன் பொரிக்கும் வாசனையும் தவிர அங்கே தூண்டிலுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அணைக்கட்டுக்கு வெகு தூரம் கீழே, மணலும் கல்லும் கலந்த அடித்தளத்தில் ஆரால் கிடைக்கும். சின்ன முள், துண்டுபோட்ட மண்புழு, அடியில் படும் நரம்பு; அவ்வளவுதான். ஆராலைக் கழுவுவதற்குச் சாம்பலும் பொறுமையும் வேண்டும், குழம்பு அந்தச் சிரமத்துக்கு ஈடு கட்டிவிடும். ஈரோடு நகருக்குள் ஓடும் காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது என்ற பெருமை உடையது. நகரை ஒட்டி அதில் கலக்கும் கழிவுநீரையும் சாயநீரையும் பார்த்த பிறகு, அங்கே பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வருவதில்லை. பள்ளிபாளையத்தை ஒட்டிய காவிரிக்கும் இதே சொல்தான். நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் போகவே வேண்டாம். திருப்பூர்ச் சாயக்கழிவு பல ஆண்டு தேங்கிய இடம் அது.

இனி விரால். அது ஓடும் தண்ணீரை விரும்பாத மீன். தாமரையும் கோரையும் வளர்ந்த ஏரிதான் அதன் வீடு. அந்தியூர்ப் பெரிய ஏரி, ஓடத்துறை ஏரி போன்றவை நிரம்பியிருக்கும் ஆண்டுகளில் விரால் நன்றாக இருக்கும். பெயர் இல்லாத சின்னக் குட்டைகளில் அதைவிட நன்றாக இருக்கும். செவுளால் மூச்சு விடுவதோடு மேலே வந்து காற்றையும் விழுங்கும் மீன் ஆகையால், அசையாத தண்ணீரில் கொப்புளம் வெடித்தது போன்ற ஒரு சத்தம் கேட்டால் இடம் தெரிந்துவிடும். ஒரே இடத்தில் அந்தச் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால், கோரை ஓரத்தில் ரப்பர் தவளையை விட்டுத் தத்தித் தத்தி இழுக்கலாம். விரால் முதலில் மோதும், பிறகுதான் விழுங்கும். மோதிய உடனே இழுத்தால் தவளை மட்டும் முகத்துக்கு வரும். மூன்று எண்ணும்வரை பொறுத்துக்கொண்டு இழுக்க வேண்டும்.

சில சமயம் தண்ணீரின் மேல் செந்நிறத்தில் குஞ்சுகள் ஒரு தட்டு அகலத்துக்குக் கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். விரால் பார்ப்பு அது. தாயும் தந்தையும் அடியிலேயே காவல் இருக்கும், பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். அந்தக் கோபத்தைப் பயன்படுத்தித் தாய் விராலைப் பிடிப்பது மிகச் சுலபம். நானும் இளவயதில் செய்திருக்கிறேன். மறுநாள் அதே குட்டைக்குப் போனபோது ஒரு குஞ்சும் இல்லை, கெண்டைகளும் நீர்க்காகங்களும் முடித்துவிட்டிருந்தன. அந்தக் குட்டையில் அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் விரால் சத்தம் கேட்கவில்லை. பார்ப்போடு இருக்கும் விராலுக்குத் தூண்டில் போடாதீர்கள்.

ஊர் ஏரிகளுக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. பெரும்பாலானவற்றில் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, ஏலம் விட்டிருப்பார்கள்; குத்தகைதாரர் குஞ்சு வாங்கி விட்டு வளர்த்துக்கொண்டிருக்கும் தண்ணீரில் அவரைக் கேட்காமல் தூண்டில் போடுவது திருட்டுக்குச் சமம். நேராகப் போய்க் கேட்டால், விராலையும் ஜிலேபியையும் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். ஏனென்றால் விரால் அவர்கள் விட்ட குஞ்சைத் தின்கிறது, ஜிலேபி இடத்தை அடைக்கிறது. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்த ஜிலேபி இன்றைக்கு நுழையாத குளம் இல்லை. முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும் மீன் அது. அதனால்தான் எந்தத் தண்ணீரிலும் பெருகிவிடுகிறது. மழைக்காலத்தில் ஏரி நிறைந்து, உபரிநீர் வெளியேறும் கலிங்கு வழிந்தால், வழியும் நீரை எதிர்த்து மீன் துள்ளி ஏறுவதைப் பார்க்கப் போங்கள். தூண்டில் வேண்டாம், ஊர்ப் பிள்ளைகள் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த இடத்தில் தூண்டில்காரருக்கு மரியாதை கிடையாது.

போகக் கூடாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் படத்தில் பார்க்க அவைதான் அழகாக இருக்கும். பவானிசாகர் அணையின் மேல்பகுதி, மாயாறு வந்து சேரும் பக்கம், சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. யானையும் முதலையும் தண்ணீருக்கு வரும் இடம். அமராவதி நீர்த்தேக்கத்திலும் முதலை உண்டு. ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளோடு ஏரி பறவைகள் சரணாலயம். அங்கே தூண்டிலோடு நுழைவதே குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் மீனையும் சேர்த்துத்தான் காக்கிறது.

காட்டு ஆறுகளைப் பற்றிப் பேசும்போது மஹ்சீர் மீனைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1946இல் கபினியில் 120 பவுண்டு எடையுள்ள ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார்கள். உலகமெங்கும் இருந்து தூண்டில்காரர்கள் காவிரிக்கு வந்ததற்கே அந்தக் கூன்முதுகு மஹ்சீர்தான் காரணம். அவ்வளவு புகழ் இருந்தும் அதற்கு முறையான அறிவியல் பெயர் எது என்பது 2018இல்தான் தெளிவானது. அமராவதியில் சேரும் பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரித்திருந்த ஓர் இனமும் இதுவும் ஒன்றே என்று அப்போது கண்டறிந்தார்கள். அதே ஆண்டு அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகவும் அறிவித்தார்கள். பெரிய செதிலும் பொன்னிறமும் தடித்த உதடும் உள்ள மீன் ஒன்று எப்போதாவது உங்கள் முள்ளில் மாட்டினால், தண்ணீரை விட்டு வெளியே தூக்காமலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

மலைப்பக்கம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நீலகிரியில் ட்ரௌட் மீனை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வளர்த்தார்கள். அவலாஞ்சியில் அதற்கான குஞ்சு பொரிப்பகம் 1907 முதல் இருக்கிறது. குளிர்ந்த, ஓடும் தண்ணீர் இல்லாவிட்டால் பிழைக்காத மீன் அது. இன்றைக்கு அந்த ஓடைகளில் பெரும்பகுதி வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருப்பதால், அனுமதி கையில் வராமல் கிளம்பிப் போவது வீண் அலைச்சல். கொடைக்கானல் ஏரி 1863இல் உருவாக்கியது. அங்கே இருப்பது கெண்டை. படகுகளின் நடுவே உட்கார்ந்து தூண்டில் போடும் பொறுமை எனக்கு இல்லை.

கடைசியாகக் கெளுத்தி. கடலில் கெளுத்தி மீன் பிடித்திருப்பீர்கள். ஆற்றுக் கெளுத்தியும் அதே அளவு பொல்லாதது. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பக்கத்தில் இரண்டு என மூன்று முட்கள் விறைத்து நிற்கும். இருட்டில் பைக்குள் கையை விட்டு நான் வாங்கிய குத்தின் வலி தோள் வரை ஏறியது. அன்றைக்குத் துறையில் இருந்த பாட்டி ஒருவர் டீக்கடையிலிருந்து தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீர் வாங்கிவந்து விரலை அதில் முக்கி வைக்கச் சொன்னார். கால்மணி நேரத்தில் வலி பாதியாக இறங்கிவிட்டது. அந்த நஞ்சு சூட்டில் வலுவிழக்கும் என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். வீக்கம் குறையாவிட்டாலும், முள் உள்ளேயே ஒடிந்திருந்தாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும். கெளுத்தியைத் துணியால் தலையோடு அழுத்திப் பிடித்து, இடுக்கியால் முள்ளைக் கழற்றுங்கள்.

இப்போது புரட்டாசி நடக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் ஒரே அளவில் வந்துகொண்டிருக்கிறது. வடகிழக்கு மழை தொடங்கிக் கலங்கல் வருவதற்கு இன்னும் சில வாரம் இருக்கலாம். வருகிற வாரநாள் ஒன்றில் நெரிஞ்சிப்பேட்டைக்குப் போங்கள். நீளமான மூங்கில் கழி, எட்டுக் கிலோ தாங்கும் தங்கூசி நரம்பு, ஒரு டப்பா மண்புழு, ஊறவைத்த புண்ணாக்கு ஆகியவை போதும். ரீல் முதல் தடவைக்குத் தேவையில்லை. படகுத் துறைக்கு மேலே, ஆகாயத்தாமரை முடியும் ஓரத்தில் உட்கார்ந்து, வெயில் ஏறும்வரை பாருங்கள். புரட்டாசியில் எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால், பிடித்ததைப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிடலாம், அல்லது துறையிலேயே யாருக்காவது கொடுத்துவிடலாம்.